மாப்பிள்ளை அழைப்புக் கார்

உடுமலைப்பேட்டையில் தாராபுரம் ரோட்டுப் பக்கம் தமயந்தி மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். ஒரு புரட்டாசி மாதம் அவரிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பெயர் நாச்சிமுத்து. இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. சீடருக்குத்தான் இருந்தது, அதுவும் நரைத்துப் போய்.

சீடரோடு ஒரு மோரிஸ் மைனர் காரும் வந்தது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேலே துணிக்கூரை போட்ட பழைய கார். கூரையை மடக்கிவிட்டால் மாப்பிள்ளை அழைப்புக்கு எடுப்பாக இருக்கும். நாச்சிமுத்து அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்தி வந்தார்.

தமயந்தி பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"என்னாச்சுங்ணா?"

"நின்னுபோச்சுங்க."

"எங்க?"

"மாப்பிள்ளை அழைப்புல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க? நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. மீதிக் கதை ஊருக்கே தெரியும். ஆவணி மாதம் திருமூர்த்தியின் மூத்த மகள் சுகந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரில் உட்கார்ந்திருக்க, முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போக, கார் ஆள் நடக்கிற வேகத்தில் பின்னால் ஊர்ந்தது. அப்படி ஊர்ந்தால் எந்த எஞ்சினும் கொதிக்கும். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதை நாச்சிமுத்து பார்த்தார். கருகல் வாடையும் வந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். இத்தனை பேர் பார்க்கும்போது எப்படி நிறுத்துவது என்று கூச்சம். இதோ மண்டபம் வந்துவிடும் என்று மிதித்துக்கொண்டே போனார்.

சந்தை ரோட்டு முக்கில் எஞ்சின் ஒரு முக்கு முக்கி இறுகி நின்றது. வாத்தியம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து கூட்டத்தில் புகுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஊருக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டார். பஸ் சந்தை ரோட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் காரில் தனியாக உட்கார்ந்து, அவர் போன திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போனான். சுகந்தியின் மாமனார் இன்றுவரை அதைக் 'கார் நின்ன கல்யாணம்' என்றுதான் சொல்கிறார். காபி கொடுக்கப் போனாலும் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு கிடைக்கும்.

இது எதையும் நாச்சிமுத்து சொல்லவில்லை. தமயந்தியும் கேட்கவில்லை.

"விட்டுட்டுப் போங்ணா. பாத்துச் சொல்றேன்" என்றார்.

"இல்லீங்க. நானே கழட்டி நானே மாட்டோணும். நீங்க சொல்லிக் குடுங்க."

"எதுக்குங்ணா இந்த வயசுல?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முந்தின நாள் திருமூர்த்தி அவரைத் தேடி வீட்டுக்கே வந்திருக்கிறார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நாச்சிமுத்து கைகட்டி நின்றார். திருமூர்த்தி திட்டவில்லை.

"ஏனுங் நாச்சிமுத்து, ஐப்பசியில சின்னவ மேகலாவுக்குக் கல்யாணமுங்க. அதே கார்தான் வேணும்ங்கறா. ஓட்டறதும் நீங்கதானாம். அக்கா கல்யாணத்துல எவனெவன் சிரிச்சானோ, அவன் முன்னாடியெல்லாம் அந்தக் கார் போகோணுமாம். அவ ஒண்ணு நெனச்சா எங்க வீட்டுல யாரு பேச்சும் எடுபடாதுங்க."

சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இன்னொருக்கா நின்னா நான் ஊருல தலைகாட்ட முடியாதுங்க" என்றார் நாச்சிமுத்து. "நான் கெடக்கறேன். அந்தச் சுகந்திப் புள்ள தலைநிமிர முடியாது. ஒருத்தர் பண்ணிக் குடுத்து நான் ஓட்டுனா எனக்குத் தைரியம் வராது. என்ர கையிலயே பண்ணோணும்."

தமயந்தி சுவரில் தொங்கிய பழைய காக்கிச் சட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார். தோளில் இறுக்கமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து போட்டுக்கொண்டார்.

"இதைச் சரி பண்ணுனா இனி நிக்காதுங்களே?"

தமயந்தி ஒரு ஸ்பேனரை அவர் கையில் வைத்தார்.

"ரேடியேட்டரைக் கழட்டுங்ணா."

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. அதனால் கார் இல்லாமலும் பிழைப்பு கெடவில்லை. நாச்சிமுத்து காலையில் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருவார். இருட்டுவதற்குள் திரும்புவார். வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டியவர், தண்ணீர் ஊற்றுவதற்குத் தவிர பானெட்டைத் திறந்ததில்லை. ஸ்பேனர் நழுவி முட்டியெல்லாம் தோல் உரிந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார்.

எஞ்சினின் தலைப்பகுதியை, ஹெட் என்பார்களே, அதைத் தூக்கியபோது உள்ளே ஒரு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. நாச்சிமுத்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கருகித் தேய்ந்து கிடந்தது.

"நான்தானுங்களே இப்படிப் பண்ணுனது" என்றார்.

"எண்ணெய் ஊத்தி வைங்க" என்றார் தமயந்தி. "ரெண்டு நாள் ஊறட்டும்."

ஊறியதும் மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினார்கள். சிலிண்டரை லேத்துக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினார்கள். புதுப் பிஸ்டன் வந்தது. ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பெடுத்தார்கள். ஒவ்வொரு வேலை முடியும்போதும் நாச்சிமுத்து கேட்டார்.

"இனி நிக்காதில்லீங்களா?"

தமயந்தி ஒவ்வொரு முறையும் அடுத்த வேலையைக் கையில் கொடுத்தார்.

ஒருநாள் புத்தம்புதுக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எலி ஒயரைக் கடித்திருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வாங்கி ஒரு மாசங்கூட ஆயிருக்காது. எலி கடிச்சு நின்னுபோச்சு பாருங்க!"

தமயந்தி சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். நாச்சிமுத்துவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அன்றைக்கு முழுக்க அவர் தன் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டுவிட்டார்.

அடுத்து வால்வு வேலை. அந்த எஞ்சினில் எட்டு வால்வு. ஒவ்வொன்றும் உட்கார ஹெட்டில் தனித்தனி இடம் உண்டு. அதைச் சீட் என்பார்கள். வால்வின் விளிம்பு சீட்டோடு காற்றுப் போகாமல் ஒட்டி உட்கார்ந்தால்தான் எஞ்சினுக்கு இழுவை இருக்கும். அதற்காக அரைக்கிற பசையை விளிம்பில் தடவி, நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துக் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். ஒரு சீட்டில் அரைத்த வால்வு இன்னொரு சீட்டில் சரியாக உட்காராது. அதனால் அரைத்து முடித்த வால்வுகளை ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகச் செருகி வைப்பார்கள். ஓட்டைக்கு மேலே நம்பர் எழுதியிருக்கும்.

நாச்சிமுத்து உருட்டினார். உள்ளங்கை கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டு உருட்டினார்.

முடித்ததும் தமயந்தி வால்வுகளைச் சீட்டில் வைத்து மேலே மண்ணெண்ணெய் ஊற்றினார். இருவரும் குனிந்து அடியில் பார்த்தார்கள். மூன்றாவது வால்வில் ஈரம் தெரிந்தது.

"ஒரு சொட்டுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து.

தமயந்தி மண்ணெண்ணெயை வடித்துவிட்டுக் குச்சியை நீட்டினார்.

எட்டும் கசியாமல் நின்றபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து ஒர்க்‌ஷாப்பைக் கழுவினார்கள். பூஜையன்று காலை எல்லோருக்கும் முன்னால் நாச்சிமுத்து வந்துவிட்டார். அவருக்கு மனசு நிறைந்திருந்தது. தன் கையால் அரைத்த வால்வுகள் கறுப்பும் பசையுமாக அட்டையில் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாமிக்கு முன்னால் இப்படியா வைப்பது?

எட்டையும் உருவினார். குழாயடியில் உட்கார்ந்து, வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற பக்குவத்தில் புளி போட்டுத் தேய்த்தார். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார். வால்வெல்லாம் பளபளத்தன. தலைவாழை இலை போட்டு, நடுவில் விளக்கை வைத்து, சுற்றிலும் பெரிய வால்வு நாலு, இடையிடையே சின்ன வால்வு நாலு என்று அழகு பார்த்து அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்.

மற்ற மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா கை வெச்சா கோயிலாட்ட இருக்குது" என்றார்கள்.

தமயந்தி வந்தார். இலையை ஒரு நிமிடம் பார்த்தார். காலியாக நின்ற அட்டையையும் பார்த்தார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. கருவிகளை எடுத்து வேலை தொடங்குகிற நாள். ஹெட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தமயந்தி சொன்னார்.

"ஒண்ணாம் நம்பர் வால்வை எடுங்ணா."

நாச்சிமுத்து இலைப் பக்கம் கையை நீட்டினார். கை அப்படியே நின்றுவிட்டது.

பொட்டு வைத்துக்கொண்டு பெரிய வால்வு நாலும் ஒன்று போலவே இருந்தன, சின்ன வால்வு நாலும் ஒன்று போலவே இருந்தன.

அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் முகூர்த்தம். இருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருவர் 'அடடா' என்று வாய்க்குள் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்றார் நாச்சிமுத்து. "திருமூர்த்திகிட்ட வேற கார் பாத்துக்கச் சொல்லீரலாமுங்க."

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் கூப்பிடவில்லை. தமயந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எதிரில்தான் பஸ் நிறுத்தம். பஸ் வந்தது. நாச்சிமுத்து படியில் ஒரு காலை வைத்தார். அன்றைக்கும் இப்படித்தான் ஏறினார். ஜன்னல் வழியே பார்த்த மாப்பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. வால்வைக் கலைத்ததற்கான அவமானத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"ஏறறதுன்னா ஏறுங்க, எறங்கறதுன்னா எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

நாச்சிமுத்து காலைக் கீழே எடுத்துவிட்டார். விசில் ஊதி பஸ் போய்விட்டது.

அவர் திரும்பி வந்தபோது மேஜையில் பசை டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் குச்சி இருந்தது. வால்வுகளின் பொட்டையெல்லாம் தமயந்தி துடைத்து வைத்திருந்தார்.

"ஒண்ணாம் நம்பர் எதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"கண்டுபுடிக்க முடியாதுங்ணா."

"அப்ப என்னங்க பண்றது?"

"எந்த சீட்டுல வெச்சு அரைக்கறீங்களோ, அதுதான் நம்பர்."

நாச்சிமுத்து அளவு பார்த்து ஒரு வால்வை எடுத்து முதல் சீட்டில் வைத்தார்.

"ட்ரில்லுல மாட்டிச் சுத்துங்ணா, சாயங்காலத்துக்குள்ள எட்டும் முடிஞ்சிரும்" என்றார் ஒரு மெக்கானிக். அவருக்கு நிஜமாகவே இரக்கம்.

நாச்சிமுத்து தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி வேறு வண்டிக்குப் போயிருந்தார்.

"வேண்டாமுங்க. கையிலயே அரைக்கறேன்."

போன முறையைவிட இந்த முறை நேரம் பிடித்தது. ஒரு சீட்டில் பொருந்தியிருந்த வால்வை வேறு சீட்டுக்குப் பழக்க வேண்டுமே. நாச்சிமுத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் தடித்தது. ஒரு வால்வு முடிந்ததும் தானே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். கசிந்தால் யாரிடமும் சொல்லாமல் மறுபடி குச்சியை எடுப்பார். எட்டாவது வால்வு சொட்டாமல் நின்றபோது அவர் யாரையும் கூப்பிடவில்லை. வடித்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தார்.

பிறகு ஹெட்டை ஏற்றினார்கள். தமயந்தி சொன்ன வரிசையில் நட்டுகளை அவரே இறுக்கினார். தண்ணீர் ஊற்றி, ஆயில் ஊற்றி, பேட்டரியை மாட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்ணா."

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைக்கப் போய், முகமெல்லாம் ஆயில் ஆயிற்று. மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"மேஸ்திரி, இப்பவாவது சொல்லுங்க. இனி நிக்காதுங்களே?"

"ஒரு ரவுண்டு போலாம் வாங்க" என்றார் தமயந்தி.

தமயந்தி பக்கத்தில் உட்கார, நாச்சிமுத்து ஓட்டினார். கார் தடையில்லாமல் போயிற்று. சந்தை ரோட்டில் நல்ல கூட்டம். ரோட்டு முக்கு வந்ததும் தமயந்தி சொன்னார்.

"நிறுத்துங்ணா."

"இங்கீங்களா?"

"இங்கதான். நடு ரோட்டுலயே நிறுத்துங்க. எஞ்சினையும் அணைச்சிருங்க."

"பொறத்தால பஸ் வருதுங்க."

"வரட்டும்."

நாச்சிமுத்து நிறுத்தினார். பின்னால் ஆரன் அலறியது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வாய்க்கு வந்தபடி வைதார். யாரோ, "அட, இது அந்தக் கல்யாணக் காருல்ல!" என்றார்.

"எறங்கி பானெட்டைத் திறங்ணா."

"என்னங்க ஆச்சு?"

"திறங்க."

நாச்சிமுத்து இறங்கினார். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. திருதிருவென்று நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. தமயந்தி ஆற அமர உட்கார்ந்திருந்தார்.

"சரி, மூடுங்க. போலாம்."

ஒர்க்‌ஷாப் வந்ததும் நாச்சிமுத்துவுக்குக் கோபம் வெடித்தது.

"நல்லா ஓடுற வண்டியை எதுக்குங்க நடு ரோட்டுல நிறுத்தச் சொன்னீங்க? ஊரே பாத்துச்சு!"

"பானெட் கொக்கி சரியா விடுதான்னு பாத்தேனுங்ணா" என்றார் தமயந்தி. "விடுது."

அந்த முக்கில் அப்படியே மறுநாளும் நிறுத்தச் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். மூன்றாம் நாள் காய்கறிக்காரர் வைவதை விட்டுவிட்டு, "என்னுங்ணா, இன்னைக்கும் திறக்கோணுமா?" என்று கேட்டார். நாச்சிமுத்து, "ஆமாங்க, அது வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. காரைக் கழுவி மல்லிகைச் சரம் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். கிளம்பும்போது நாச்சிமுத்து கைகூப்பினார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரி. இன்னைக்கு நிக்காதுன்னு சொல்லுங்க. அதைப் புடிச்சுட்டுப் போயிருவேன்."

தமயந்தி நாலு டயரிலும் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் கிளம்பினார்.

கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம், தவில், பந்தம் மாதிரி லைட் தூக்கிய ஆட்கள். பின்னால் உறவுக்கூட்டம். சுகந்தி தன் புருஷனோடு வந்திருந்தாள். சுகந்தியின் மாமனார் புது வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாகக் காருக்குப் பக்கத்திலேயே நடந்தார். நிற்கிறதா என்று பார்க்கத்தான் அப்படி நடக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சூட்டு முள்ளை நாச்சிமுத்து அடிக்கடி பார்த்தார். ஏறவில்லை. ரேடியேட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது.

சந்தை ரோடு தாண்டியது. முக்கும் தாண்டியது. நாச்சிமுத்து மூச்சு விட்டார்.

மண்டபத்து வாழைமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் விக்கியது. ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

நாதஸ்வரம் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். போன்கள் உயர்ந்தன. சுகந்தியின் முகம் வெளுத்துப் போனதை மாப்பிள்ளைகூடப் பார்த்தான்.

"மறுபடியுமா?" என்றார் சுகந்தியின் மாமனார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று நாச்சிமுத்துவின் காலுக்குத் தெரியும். கதவைத் திறந்து இறங்கினார்.

"நான் எறங்கட்டுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"உக்காருங்க தம்பி. நான் எங்கயும் போகல."

பானெட்டைத் திறந்தார். மாமனார் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், மறுபடியும் நிறுத்திப்போட்டீங்களா?"

"ஆமாங்க, மறுபடியுந்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

கூட்டத்தில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று மாமனாருக்குப் புரியவில்லை. தள்ளி நின்றார்.

நாச்சிமுத்து நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். "நீங்க ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? வாசிங்க."

நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை எடுத்தார்.

நாச்சிமுத்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். சூடு அளவாகத்தான் இருந்தது. தண்ணீர் இருந்தது. சாவியைத் திருப்பினார். லைட் எரிந்தது, கரண்டும் இருக்கிறது. பெட்ரோலை இழுக்கிற பம்பு படபடவென்று ஓயாமல் அடித்துக்கொண்டது. பெட்ரோல் வந்தால் நாலு தட்டுத் தட்டிவிட்டு அடங்கும். நாச்சிமுத்து பம்பின் மேல் விரலை வைத்து, உடனே எடுத்துவிட்டார். தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஊர்ந்த சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக்கொண்டிருந்தது.

"ஒரு ஈரத்துணி வேணுமுங்க" என்றார்.

புதுத்துணி உடுத்தி வந்த கூட்டம். யாரும் அசையவில்லை.

சுகந்தி முன்னால் வந்தாள்.

"மாமா, துண்டைக் குடுங்க."

"புதுத் துண்டு சுகந்தி!"

"குடுங்க மாமா."

அவளே உருவிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்து நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். அவர் பம்பைச் சுற்றியும் குழாயைச் சுற்றியும் துண்டைச் சுற்றினார். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். மொத்த ஊரும் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றார். சுகந்தி இன்னொரு பாட்டிலைத் திறந்து துண்டின் மேல் ஊற்றினாள்.

கீர்த்தனை முடிந்தது. நாதஸ்வரக்காரர் அடுத்ததற்குச் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார். பம்பு நாலு தட்டுத் தட்டி அடங்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளையும் கைதட்டினான். துண்டு பம்பிலேயே இருந்தது. கார் மண்டபத்து வாசலில் போய் நின்றது. வாசலில் நின்ற திருமூர்த்தி நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாடி ஜன்னலில் மணப்பெண் மேகலா எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் நாச்சிமுத்து காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். தமயந்தி ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"மேஸ்திரி."

"வாங்ணா. ஓடுச்சுங்களா?"

"நின்னுபோச்சுங்க."

"அப்புறம்?"

நாச்சிமுத்து சொன்னார். ஒன்றையும் விடவில்லை. மாமனாரின் துண்டு வந்தபோது லாரிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பம்பு சூடாகுதுங்க. பக்கத்துல ஒரு தகடு வெச்சு மறைக்கோணும்" என்றார் நாச்சிமுத்து.

"வெச்சிரலாம்."

நாச்சிமுத்து சட்டையை மாற்றிக் காக்கியைப் போட்டுக்கொண்டார். ஸ்பேனரை எடுத்தவர் நின்றார். மனசில் இருந்ததைக் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது.

"மேஸ்திரி, நான் வந்த நாள்ல இருந்து ஒண்ணையேதான் கேட்டுட்டு இருந்தேன். நிக்குமா நிக்காதான்னு. கும்புட்டுக் கூடக் கேட்டேன். ஒரு வார்த்தை நீங்க சொல்லல. ஏனுங்க?"

தமயந்தி லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பக் கேளுங்ணா. சொல்றேன்."

நாச்சிமுத்து வாயெடுத்தார். அந்தக் கேள்வி அவரிடம் மிச்சமில்லை. பிறகு தகடு வெட்டுகிற கத்தரியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.